ஐந்து இருபது விமானம்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே உறுதியில்லை. அந்தக் கல்யாண மண்டபத்தில் நானும் இருந்தேன். பாதியைக் கண்ணால் பார்த்தேன். மீதியை அவரவர் வாயால் பிறகு கேட்டேன். பார்த்தது எது, கேட்டது எது என்று இப்போது பிரிக்க முடியவில்லை. பேசியவர்களின் சொற்கள் ஒன்றிரண்டு மாறியிருக்கலாம். அவர்கள் பேசாமல் இருந்த நேரங்கள் மட்டும் மாறாமல் அப்படியே மனத்தில் இருக்கின்றன.

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் கம்பெனி ஒன்றில் கவினுக்கு அலுவலக வேலை. வண்டிகள் சத்தீஸ்கரிலும் அசாமிலும் நிற்கும். ஆட்களை இங்கிருந்து அனுப்ப வேண்டும், முறை முடிந்தால் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும். ரயிலில் போனால் மூன்று நாள் வீண் என்பதால் முதலாளி விமானத்துக்கு மாறியிருந்தார். டிக்கெட் எடுப்பது கவினின் பொறுப்பு.

அதில் அவன் கெட்டிக்காரன். ஆறேழு வாரம் முன்னதாகவே எடுத்துவிடுவான். வார இறுதியைத் தவிர்த்து நடுவாரத்தில் ஆளை அனுப்புவான். ஒரே விமானத்தை நான்கு செயலிகளில் ஒப்பிட்டுப் பார்ப்பான். சேலம், கோவை, திருச்சி, பெங்களூர் என்று நான்கு ஊர்களையும் தட்டிப் பார்த்து, எங்கிருந்து மலிவோ அந்த ஊருக்கு ஆளை பஸ் ஏற்றிவிடுவான். எந்த வங்கி அட்டைக்கு எப்போது தள்ளுபடி என்பது அவனுக்கு மனப்பாடம். சொந்தக்காரர்களும் அவனிடம்தான் வருவார்கள்.

இவை எல்லாமே நல்ல வழிகள்தான். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. டிக்கெட்டில் கேட்கும் கைபேசி எண், மின்னஞ்சல் இரண்டுக்கும் தன்னுடையதையே கொடுத்துவிடுவான். ரிக் ஆட்களுக்கு மின்னஞ்சல் கிடையாது, எண்ணையும் அடிக்கடி மாற்றுவார்கள். ஆகவே அசாமில் யார் விமானம் தாமதமானாலும் செய்தி திருச்செங்கோட்டில் கவினின் பைக்குள்தான் வந்து விழும்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. பயணம் போகிறவனிடம் அவன் ஒன்றும் கேட்கமாட்டான்.

“ஏனுங்க கவினு,” என்றார் ஒரு நாள் டிரில்லர் ராசு, ஊருக்குத் திரும்பி வந்த கையோடு. “கவுகாத்தி போறப்ப ஐதராபாத்துல ஒம்பது மணி நேரம், கல்கத்தாவுல ஏழு மணி நேரம் உக்கார வெச்சீங்க பாருங்க. ரெண்டு ஊர்லயும் ஒரு ஓட்டர் ஐடி வாங்கிக் குடுத்திருந்தீங்கன்னா அப்படியே ஓட்டும் போட்டுட்டுப் போயிருப்பேனுங்க.”

“மூவாயிரத்தி எறநூறு மிச்சமுங்கண்ணா.”

“ஆமாங்க. மிச்சம் மொதலாளிக்கு, முதுகுவலி எனக்கு. சரியாத்தான் பங்கு போட்டிருக்கறீங்க.”

அலுவலகமே சிரித்தது. கவினும் சிரித்தான். ராசு மட்டும் கடைசியில் சிரிக்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

அந்த ஆண்டு கவினுக்குக் கல்யாணம் முடிவாயிற்று. பெண் யுவஸ்ரீ, ராசிபுரம் பக்கம். வைகாசியில் முகூர்த்தம். கவினின் அப்பா சென்னியப்பனுக்கு நாலு ஏக்கர் விவசாயக் காடும் சின்னக் கோழிப்பண்ணையும் உண்டு. ஒரே மகனின் கல்யாணம் என்பதால் அவர் தாராளமாகத்தான் செலவு செய்தார். கேரளத்திலிருந்து செண்டை மேளம் பேசினார்கள். ட்ரோன் வைத்துப் படம் எடுக்க ஆள் பேசினார்கள். இரண்டுக்குமே யாரும் பேரம் பேசவில்லை.

கவினுக்கு ஒரு அக்கா, கயல்விழி. ஏழு வயது மூத்தவள். கணவன் முருகானந்தம் மஸ்கட் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையில் மேற்பார்வையாளன். ஐந்து வயதில் ஒரு மகள், பதினோரு மாதத்தில் ஒரு மகன்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ கூறைச்சேலையின் ஒரு முனையைத் தான் வைத்துக்கொண்டு, மறுமுனையை அவனிடம் கொடுத்து, அவன் பக்கத்தில் நிற்பாள். வீட்டுக்குப் புதிதாக ஒருத்தி வருவதால் இவளுடைய இடம் போய்விடவில்லை என்று உறவறியச் சொல்வது அது. கூடப் பிறந்தவள் இல்லாவிட்டால் பங்காளி வீட்டுப் பெண் நிற்கலாம். ஆனால் கூடப் பிறந்தவள் உயிரோடு இருக்கும்போது வேறொருத்தி நின்றால், சபை வாய்விட்டுக் கேட்காது, கண்ணால் கேட்கும்.

முருகானந்தத்துக்கு விடுமுறை இல்லை. கயல்விழி குழந்தைகளோடு தனியாக வரவேண்டும். அக்காவின் டிக்கெட்டைத் தான்தான் எடுப்பேன் என்று கவின் சொல்லிவிட்டான். அதில் உண்மையான பிரியம் இருந்தது.

“கைக்கொழந்தைய வெச்சுட்டு வாரா சாமி,” என்றாள் அம்மா ராசம்மாள். “நேரா வார பிளேன் இல்லீங்களாமா?”

“பெங்களூருக்கு நேரா இருக்குதும்மா. பதினெட்டாயிரம் சாஸ்தி. பம்பாய் வரைக்கும் ஒரு டிக்கெட்டு, அங்கிருந்து கோயமுத்தூருக்குத் தனியா ஒரு டிக்கெட்டுன்னு எடுத்தா அத்தனையும் மிச்சம். நடுவுல அஞ்சு மணி நேரம் உக்கோரணும், அவ்வளவுதான்.”

“அவ என்ன, நடந்தா வாரா? உக்காந்துட்டுத்தானே வாரா,” என்றார் சென்னியப்பன், அழைப்பிதழில் பெயர் எழுதியபடியே.

ராசம்மாள் சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். அந்த வீட்டில் மகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அப்படித்தான் முடியும்.

கயல்விழியை யாரும் கேட்கவில்லை. எடுத்த டிக்கெட்டைக் கவின் அவளுக்குக் கைபேசியில் அனுப்பினான். பெட்டி போட்டால் தனிக் கட்டணம், ஆளுக்கு ஏழு கிலோ கைப்பை போதும், இங்கே எல்லாம் இருக்கிறது என்றும் எழுதினான். அவள் பதில் எழுதுகிறாள் என்று திரை காட்டியது. வெகு நேரம் காட்டியது. பிறகு நின்றுவிட்டது. கடைசியில், “சரி சாமி” என்று இரண்டே சொற்கள் வந்தன.

அந்த இடைவெளியில் மஸ்கட்டில் என்ன நடந்தது என்பதை முருகானந்தம் பிறகு சொன்னான்.

“ரெண்டு புள்ளைங்கள வெச்சுட்டு எப்படி மாறி ஏறுவ? நேரா போறதுக்கு நாமளே காசு போட்டுக்கலாம், தம்பிகிட்டச் சொல்லு,” என்றானாம்.

“வேண்டாங்க. ஆசையா எடுத்திருக்கறான். வேண்டாம்னா மூஞ்சி சுருங்கிப் போயிரும்,” என்றாளாம் அவள். எழுதியதை அழித்துவிட்டுத்தான் அந்த இரண்டு சொற்களை அனுப்பினாள்.

கல்யாணத்துக்குப் பத்தொன்பது நாள் முன்னால் இரண்டாவது விமானக் கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பம்பாயிலிருந்து மாலை ஐந்து இருபதுக்குப் புறப்பட வேண்டிய விமானம் பகல் ஒன்று பதினைந்துக்கே புறப்படும். ஒத்துவராவிட்டால் கட்டணம் இல்லாமல் வேறு விமானத்துக்கு மாறலாம், அல்லது முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம் என்று அதில் இருந்தது. அது கவினுக்குத்தான் வந்தது. ஒரு நாளைக்கு முப்பது சலுகை அறிவிப்புகள் வந்து விழும் பெட்டியில் முப்பத்தொன்றாவதாகக் கிடந்தது. அதே செய்தி கைபேசிக்கும் வந்தது. கல்யாணப் பரபரப்பில் அவன் எதையும் திறக்கவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் பகல் பன்னிரண்டு மணிக்குக் கயல்விழி பம்பாயில் இறங்கினாள். இடுப்பில் மகன், கையில் மகள், இரண்டு தோளிலும் பை. குடியேற்ற வரிசையில் நின்று வெளியே வரவே ஒரு மணி ஆயிற்று. ஐந்து இருபதுக்குத்தானே என்று நிம்மதியாக ஒரு மூலையில் உட்கார்ந்தாள். மகளுக்கு பிஸ்கட் கொடுத்தாள். மகனுக்குத் துப்பட்டாவால் மறைத்துப் பால் கொடுத்தாள். அவள் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுடைய விமானம் புறப்பட்டுப் போனது.

இரண்டே காலுக்குக் கவுன்டரில் போய் டிக்கெட் அச்சடித்த காகிதத்தை நீட்டினாள். அங்கிருந்த பெண் கணினியைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள், கயல்விழியைப் பார்த்தாள். விமானம் போய்விட்டது என்றாள். நேரம் மாறியதை முன்பே தெரிவித்துவிட்டோம் என்றாள். முந்தைய விமானம் வேறு கம்பெனி, வேறு டிக்கெட். ஆகவே தங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றாள். கடுமையாகச் சொல்லவில்லை. கயல்விழி மகனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கைபேசியை எடுத்தாள்.

அவளுடைய ஓமன் எண் இங்கே வேலை செய்யவில்லை. விமான நிலையத்தின் இலவச இணையம் இந்திய எண் ஒன்றைக் கேட்டது. வரிசையில் பின்னால் நின்ற ஓர் அம்மாள், மொழி தெரியாமலே விஷயம் புரிந்து, தன் கைபேசியை நீட்டினாள். கயல்விழிக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே எண்தான். அப்பாவின் எண்.

மண்டபத்தில் பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சென்னியப்பன் கைபேசியைக் காதில் வைத்தார். கேட்கக் கேட்க அவர் முகம் வாடியது.

“இப்ப என்ன சாமி பண்றது?” என்றார்.

“பெங்களூருக்கு அஞ்சு மணிக்கு ஒரு பிளேன் இருக்குதாமுங்கப்பா. எங்க மூணு பேத்துக்கும் நாப்பத்தோராயிரம் கேக்கறாங்க. இல்லீன்னா நாளைக்குக் காத்தால கோயமுத்தூருக்கு ஒண்ணு இருக்குதாம், அதுல பாதிதானாம்.”

நாளைக் காலை விமானத்தில் வந்தால் தாலி கட்டி முடிந்திருக்கும். அது இருவருக்கும் தெரியும்.

பக்கத்தில் இருந்த சென்னியப்பனின் அண்ணன் நாச்சிமுத்து விஷயத்தைக் கேட்டு அறிந்தார். “எதுக்கு இப்படி மலைச்சுப் போயி நிக்கற? நம்ம சௌந்தர்யா இருக்கறா. அவளும் இவனுக்குத் தங்கச்சிதானே. அவள நிக்க வெச்சா சீர் முடிஞ்சுது. நாப்பதாயிரத்தக் கொண்டு போயி ஆகாசத்துல உடுவாங்களா?”

அவர் கெட்டவர் இல்லை. அந்த மண்டபத்தில் பெரும்பாலோர் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

“எனக்கு வேண்டாங்கப்பா,” என்றாள் அவர் மகள் சௌந்தர்யா, தட்டில் வெற்றிலை அடுக்கியபடி. “கயலக்கா உசுரோட இருக்கறப்ப அந்தச் சேலைய நாங் கையில தொடமாட்டேன்.”

“ஊட்டுக்குள்ளாற வக்கீலு வேற,” என்று நாச்சிமுத்து முணுமுணுத்தார்.

கவின் அங்கே வந்தான். ட்ரோன்காரருக்காகச் சிரித்துச் சிரித்து முகம் வலித்திருந்தது. கைபேசியை வாங்கினான். “ஒன்னே காலுக்கா? அதெப்படி? சொல்லாம எப்படி மாத்துவாங்க? இருக்கா, அவங்கள உண்டு இல்லைன்னு பண்றேன்,” என்று கத்தியபடியே சட்டைப்பையிலிருந்து தன் கைபேசியை எடுத்து டிக்கெட் எண்ணைத் தேடினான்.

தேடியபோது அந்த மின்னஞ்சல் வந்து நின்றது. பத்தொன்பது நாள் முந்தைய தேதி. திறக்கப்படாதது. கட்டணம் இல்லாமல் மாற்றிக்கொள்ளலாம் என்ற வரி அதில் தடித்த எழுத்தில் இருந்தது.

கவின் கத்துவதை நிறுத்தினான்.

அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. “உடு சாமி. நீ வெசனப்படாத. நல்ல நாளும் அதுவுமா மூஞ்சிய அப்படி வெச்சுக்காத. நாளைக்கு வாரதுக்கே எடுத்துக் குடு. சௌந்தர்யா நிக்கட்டும். எனக்கு எதுக்கு அவ்வளவு காசு போட்டு டிக்கெட்டு?”

எனக்கு எதுக்கு. அதை அவள் வருத்தமாகச் சொல்லவில்லை. மிகச் சாதாரணமாகச் சொன்னாள், பல வருடம் பழகிய ஒன்றைச் சொல்வது போல. அதுதான் கவினைத் தாக்கியது. மேளக்காரர்களுக்கு முன்பணம் கொடுத்தபோது எதுக்கு என்று யாரும் கேட்கவில்லை. வானத்தில் சுற்றும் கேமராவுக்கு எதுக்கு என்று யாரும் கேட்கவில்லை. அக்காவுக்கு மட்டும் அந்தக் கேள்வி முதலில் வந்திருக்கிறது. அதை இந்த வீடு அவளுக்கே பழக்கிவிட்டிருக்கிறது. அவன் உட்பட.

“அக்கா,” என்றான். “நீ அங்கயே இரு. அஞ்சு மணி பிளேன்ல எடுக்கறேன். நீ வந்தப்பறந்தான் இணைச்சீர்.”

“காசு…”

“நீ வந்தப்பறந்தான்.”

குழந்தை சிணுங்குவது கேட்டது. பிறகு, “சரி சாமி,” என்றாள்.

சடங்கு செய்துவைக்கும் அருமைக்காரரிடம் சென்னியப்பன் தயங்கித் தயங்கிப் போய், அன்று இரவே வைக்க வேண்டிய இணைச்சீரைக் கொஞ்சம் தள்ளலாமா என்று கேட்டார். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “முகூர்த்தம் எட்டு மணிக்குத்தானுங்களே. வெடியக்காலத்துல வெச்சுக்கலாம். பொறந்தவளுக்காகக் காத்திருந்தா எந்தச் சாமியும் கோவிச்சுக்காதுங்க,” என்றார்.

பெங்களூர் விமான நிலையத்துக்கு யார் போவது என்ற பேச்சு எழுந்தது. கல்யாணத்துக்கு வந்திருந்த டிரில்லர் ராசு எழுந்தார்.

“வண்டிச் சாவியக் குடுங்க, நாம் போறேன். ஏர்போர்ட்டுல காத்துக் கெடக்கறதுல என்னைய மாதிரி அனுபவஸ்தன் இந்த ஜில்லாவுலயே கெடையாதுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். கவின் இந்த முறை சிரிக்கவில்லை. சாவியைக் கொடுக்கும்போது அவர் கையைச் சிறிது நேரம் பிடித்துக்கொண்டு நின்றான்.

விடியற்காலை நான்கரை மணிக்கு மணமகன் அறையில், நள்ளிரவு தாண்டி வந்து சேர்ந்த கயல்விழிக்குச் சௌந்தர்யா சேலை கட்டிவிட்டாள். குழந்தைகள் இரண்டும் ராசம்மாளின் பக்கத்தில் அசந்து தூங்கின. கயல்விழியின் கால்கள் வீங்கியிருந்தன. தோளில் பை அழுத்திய இடம் சிவந்து கிடந்தது. சௌந்தர்யா அதன்மேல் முந்தானையை மெதுவாக இழுத்துவிட்டாள்.

கவின் உள்ளே வந்தான். சௌந்தர்யா வெளியே போனாள்.

“தப்பு அவங்க மேல இல்லக்கா,” என்றான். “நேரம் மாறுதுன்னு எனக்கு மெயில் போட்டிருந்தாங்க. பத்தொம்போது நாளா அது கெடந்திருக்குது. நாம் பாக்கல. உன்ற நெம்பரப் போட்டிருந்தா உனக்கே வந்திருக்கும்.”

அவள் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே நாதஸ்வரக்காரர் சுருதி பார்ப்பது கேட்டது. அது நின்றது. மறுபடி தொடங்கியது. அவள் ஒன்றும் சொல்லாமலே இருந்துவிடுவாள் என்றுதான் அவன் நினைத்தான். இத்தனை வருடமும் அப்படித்தான் இருந்தாள்.

“கெடக்குது, வந்துட்டேனல்ல,” என்று முதலில் சொன்னாள். பிறகு தலையை ஆட்டினாள். “இல்ல சாமி. இன்னிக்கு ஒண்ணு சொல்லோணும். நீ மிச்சம் புடிச்சயே பதினெட்டாயிரம், அது எங்கிருந்து வந்துச்சுன்னு நெனைக்கற? பிளேன்காரனா குடுத்தான்? என்ற கால்ல இருந்து வந்துச்சு. இந்தப் புள்ளைங்க தூக்கத்துல இருந்து வந்துச்சு.”

கவின் தலையைக் குனிந்துகொண்டான்.

“காசு மிச்சம் புடிக்கறது தப்பில்ல,” என்றாள் அவள். “நானும் புடிக்கறவதான். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தீன்னா, நானே ரெண்டு நாளு முன்னாடி நேரா வார பிளேன்ல, கம்மிக் காசுல வந்திருப்பேன். புதங்கெழம பாதி வெலதான் இருந்துச்சு, அவரு பாத்தாரு. நீ கேக்கல. நானும் சொல்லல. ரெண்டும் தப்புத்தான்.”

அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள். அவன் முகத்தில் பூசியிருந்த நலங்கு மஞ்சள் அவள் விரலில் ஒட்டிக்கொண்டது.

“இனிமே யாருக்கு டிக்கெட்டு எடுத்தாலும், போறவங்களக் கேட்டுட்டு எடு சாமி. அடுத்தவங்க ஒடம்ப வருத்தி மிச்சம் புடிக்கறது சிக்கனம் ஆகாது.”

அன்று வெளிச்சம் வருவதற்கு முன் இணைச்சீர் நடந்தது. கூட்டம் அதிகமில்லை. ட்ரோன்காரர் எழுந்திருக்கவே இல்லை. கூறைச்சேலையின் ஒரு முனை அக்காவிடமும் மறுமுனை தம்பியிடமும் இருக்க, சென்னியப்பன் தூண் ஓரமாக நின்று அவளைப் பார்த்தார். அவர் தன் மகளை அவ்வளவு நேரம் தொடர்ந்து பார்த்து நான் கண்டதில்லை.

நம்மில் பலர் மலிவான டிக்கெட்டைத் தேடுகிறோம். தேடத்தான் வேண்டும். முன்கூட்டியே எடுப்பதும், நாளை மாற்றிப் பார்ப்பதும், நாலு இடத்தில் ஒப்பிடுவதும் புத்திசாலித்தனம். ஆனால் இரண்டு தனி டிக்கெட்டுகளாக எடுத்தால், ஒன்று தவறினாலும் மற்றொன்று நமக்காகக் காத்திருக்காது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பயணம் போகிறவரின் எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் அவரிடம் கேட்க வேண்டும். வீட்டில் யாரிடம் கேட்காமலே மிச்சம் பிடிக்கிறோமோ, அவரைத்தான் நாம் குறைவாக மதிக்கிறோம்.

அதன் பிறகு நடந்தவை இவை. கயல்விழி இருபத்தைந்து நாள் இருந்துவிட்டு, பெங்களூரிலிருந்து நேராகப் போகும் விமானத்தில் திரும்பினாள். அந்தக் கட்டணத்தைச் சென்னியப்பன் கொடுத்தார். கவினும் யுவஸ்ரீயும் திருச்செங்கோட்டில் குடியிருக்கிறார்கள். ரிக் கம்பெனியில் இப்போது டிக்கெட் எடுப்பதற்கு முன் ஆளைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள், போகிறவனின் எண்ணையும் சேர்த்துப் போடுகிறார்கள். முதலாளி இரண்டு மாதம் முணுமுணுத்தார், பிறகு விட்டுவிட்டார். ராசு ராய்ப்பூரில் இருக்கிறார். சௌந்தர்யாவுக்குத் தையில் கல்யாணம் ஆயிற்று. நாச்சிமுத்து அந்தக் கல்யாணத்தில் செண்டை மேளம் வைக்கவில்லை. ராசம்மாளுக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டது. கயல்விழி அடுத்த வைகாசியில் மறுபடி வருகிறாள். எந்த நாள், எந்த விமானம் என்பதை அவளே பார்த்துச் சொல்லியிருக்கிறாள்.